சுக்கான் கை

பொன்னுரங்கம் அண்ணன் என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இடது கையில் மூன்றே விரல்கள். என் பயிற்சி வகுப்பின் பலகையிலோ 'பெண்களுக்கான இருசக்கர வாகனப் பயிற்சி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் மனைவி கோவிந்தம்மா அக்கா யாரையாவது விட்டு இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நான் மறைத்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

என் பெயர் கார்குழலி. வியாசர்பாடிக்காரி. பதினொரு வருடமாகத் திருவொற்றியூர் பக்கம் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். கன்டெய்னர் லாரிகள் நிற்கும் ஒரு மைதானம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும். அங்கே போய்க் கோலமாவால் பெரிதாக எட்டு போட்டுவிடுவேன். லைசென்ஸ் தேர்வில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டுமே, அதற்கான பழக்கம். பத்து மணிக்கு லாரிகள் வந்து எட்டை அழித்துவிடும். அதற்குள் பாடம் முடிந்துவிட வேண்டும்.

வண்டியைப் பற்றி எனக்கு அப்போது ஒரே ஒரு கருத்துதான். வண்டி என்பது குடை மாதிரி. தேவைப்படும்போது எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் மடக்கி வைக்க வேண்டும். நான் இருபது வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டது பஸ்ஸில் இடிபடாமல் வேலைக்குப் போவதற்காக. அதற்கு மேல் வண்டியில் என்ன இருக்கிறது? மோட்டார் சைக்கிளைத் தடவித் தடவித் துடைக்கும் ஆண்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் பாதி நேரம் வீட்டில் பாத்திரம் துலக்கினால் என்ன என்று தோன்றும்.

கோவிந்தம்மா அக்கா எனக்கு எட்டு வருடமாக மீன் கொடுப்பவர். விடியற்காலை காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் உட்கார்ந்து விற்பார். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரை மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார். அழைத்துக்கொண்டு என்பதைவிட இழுத்துக்கொண்டு என்பது சரி.

"கண்ணு, இத்தான் எங்க வூட்டுக்காரரு. இத்துக்கு ஒரு ஸ்கூட்டி கத்துக் குடு. தெனம் கூடைய ஆட்டோல ஏத்திகினு வர்றதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடுது. இந்தாளு சும்மாதான குந்திகினு கீது, கூடைய வச்சிகினு வரட்டும்."

பொன்னுரங்கம் அண்ணன் தரையில் நான் போட்டிருந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஸ்கூட்டி வாணாம்மா. மோட்டர் சைக்கிள் கத்துக் குடு."

"பாத்தியா, பாத்தியா! வூட்லயும் இதே பேஜாருதான்," என்றார் அக்கா.

விஷயம் இதுதான். அக்காவின் தம்பி திலீப் கப்பல் வேலைக்குப் போகும்போது தன் புல்லட்டை இவர்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். மேலே பழைய வலையைப் போர்த்தி இரண்டு வருடமாக அது அங்கேயே நின்றது. 'மாமா ஓட்டினா ஓட்டட்டும், இல்லன்னா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் எடுத்துக்கறேன்னு நிக்கறான்' என்று போனில் சொல்லியிருக்கிறான். அக்காவுக்கு அந்த ஆள் வந்து எடுத்துக்கொண்டு போனால் நிம்மதி, வாசல் தெளித்துக் கோலம் போட இடம் கிடைக்கும். இவருக்கோ அந்த வண்டிதான் வேண்டும்.

நான் என் பாடத்தை ஒப்பித்தேன். பதினொரு வருடமாக ஒப்பிப்பதுதானே. "அண்ணா, ஸ்கூட்டர்னா நூறு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. உங்க புல்லட்டு நூத்தித் தொண்ணூறு. சாஞ்சா தூக்க முடியாது. ஸ்கூட்டர்ல கிளட்ச் கிடையாது, உங்க இடது கைக்கு வேலையே இல்ல. கால் வைக்கிற இடத்துல மீன் கூடை கரெக்டா உக்காரும். சீட்டுக்குக் கீழ தராசு வச்சுக்கலாம். புல்லட்டுல கூடைய எங்க வைப்பீங்க, தலையிலயா?"

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீ சொல்றது எல்லாமே கரீட்டும்மா," என்றார். "ஒண்ணு கூட தப்பு இல்ல. ஆனா எனக்கு அது வாணாம்."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. அதுவும் அக்கா வாய் வழியாக. பதினைந்து வயதில் கடலுக்குப் போனவர். பிறகு சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. நான்கு பேர் போவார்கள், பின்பக்கம் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பது எப்போதும் இவர்தான். இப்போதெல்லாம் என்ஜினின் கைப்பிடிதான் படகைத் திருப்புகிறது, ஆனாலும் அவர்கள் அதைச் சுக்கான் என்றுதான் சொல்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வலைக் கயிறு இடது கையில் சுற்றிக்கொண்டு இறுக்கியதில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன. காயம் ஆறியதும் கூட்டாளிகள் வந்து கூப்பிட்டார்கள். 'நீ வலை இழுக்க வாணாம், சுக்கான் புடி போதும்' என்றார்கள். இவர் போகவில்லை. வலை இழுக்க முடியாதவன் படகில் ஏறினால் மற்ற மூன்று பேர் முதுகுதான் உடையும் என்று சொல்லிவிட்டார். படகை மச்சான் முறை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஐஸ் கம்பெனி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்.

"அங்க கூட நாற்காலிய ரோட்டுப் பக்கமா திருப்பிப் போட்டுகினுதான் குந்தும்," என்று ஒருநாள் நெத்திலியை அள்ளிப் போட்டபடியே அக்கா சொன்னார். "முதுகாண்டதான் கடலு கீது. திரும்பிப் பாக்காது. வூட்டுல வந்து சாப்புடும், தூங்கும். பேச்சே இல்ல கண்ணு. மூணு வருசமா ஒரு சுவத்தோட குடும்பம் நடத்திகினு கீறேன்."

அதனால் அக்கா ஒரு கெடு வைத்தார். பழகுநர் உரிமத்துக்கு ஆறு மாதம் ஆயுசு. அதற்குள் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினால் புல்லட்டு வாசலில் இருக்கலாம். இல்லாவிட்டால் திலீப் சொன்ன ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவான், இவர் மரியாதையாக ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணன் சரி என்று தலையாட்டினார். மருத்துவச் சான்றிதழ் கொடுத்த டாக்டர், இடது கையில் கட்டை விரல் போக மிச்சமிருந்த இரண்டு விரலால் கிளட்சைப் பிடித்துக் காட்டச் சொன்னார். அதை இவர் நண்டு பிடிப்பது போலக் கப்பென்று பிடித்துக் காட்டிவிட்டார்.

பாடம் ஆரம்பித்தது. முதல் நாளே கிளட்ச் வந்துவிட்டது, கியர் வந்துவிட்டது. நூற்றுத் தொண்ணூறு கிலோவும் அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சாயும் வண்டியை இடுப்பைக் கொடுத்து நிமிர்த்திவிடுவார். வராதது ஒன்றே ஒன்றுதான். "இடது பக்கம் திரும்புங்க" என்றால் கைப்பிடியை வலப்பக்கம் திருப்புவார். "வலது" என்றால் இடப்பக்கம். வண்டி எட்டை விட்டுவிட்டு நேரே மதில் சுவரைப் பார்த்துப் போகும். அப்புறம் பதறிப் போய்க் காலை ஊன்றுவார்.

நான் கத்தினேன். "அண்ணா, சோத்தாங்கை எது, பீச்சாங்கை எது, அதாவது தெரியுமா?" என்று கூடக் கேட்டேன். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வந்திருந்த சாபிரா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும்மா. எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியல."

"புரியலையே."

"சுக்கான வலது பக்கமா தள்ளுனா போட்டு மூஞ்சி இடது பக்கம் திரும்பும். இடது பக்கமா தள்ளுனா வலது. முப்பத்தொரு வருசம் இத்தத்தான் பண்ணிகினு இருந்துச்சி இந்தக் கையி. இப்ப வந்து இது ரோடு, இது வண்டின்னு சொன்னா எப்டிக் கேக்கும்?"

இப்படி ஒரு தப்பை நான் கேள்விப்பட்டதே இல்லை. என்னிடம் வந்தவர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை முறுக்குவார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள், சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு கையையே விட்டுவிடுவார்கள். சாலையில் சுக்கான் பிடிப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

முதல் தேர்வுக்கு ஒரு லேசான மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். முதல் வளைவிலேயே கோட்டைத் தாண்டி அடையாளக் கம்பத்தில் இடித்தார். தேர்வு வைக்கும் அதிகாரியை எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். அவர் கம்பத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, "போய்ப் பழகிட்டு வாங்க" என்றார். வண்டி லேசாக இருப்பதால்தான் ஆடுகிறது என்று இரண்டாவது தேர்வுக்குப் புல்லட்டையே கொண்டுபோனோம். பாதி எட்டு வந்தது. அப்புறம் கை தன் பழைய புத்தியைக் காட்டியது. கால் ஊன்றினார். கெடு முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "அண்ணா, இன்னிக்கு எட்டு வேணாம். எண்ணூர் ரோட்டுல நேரா கொஞ்ச தூரம் ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்," என்றேன். அந்த நேரத்தில் டிரெய்லர் லாரிகள் அவ்வளவாக இருக்காது. ஒரு பக்கம் கடல், கரையெல்லாம் அலை தடுக்கக் கொட்டிய கருங்கல்.

முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. வேகம் நாற்பதைத் தொட்டது. முன்னால் சாலை இடப்பக்கம் வளைந்தது. 'அண்ணா, இடது, இடது' என்று கத்த வாயைத் திறந்தேன். கத்துவதற்குள் அவர் கை வேலையைச் செய்துவிட்டது. கைப்பிடி ஒரு துளி வலப்பக்கம் போனதை அவர் தோளுக்கு மேலாக என் கண்ணால் பார்த்தேன். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் வண்டி அலுங்காமல் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே வளைவைச் சுற்றிக்கொண்டு போய், வளைவு முடிந்ததும் தானாக நிமிர்ந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வளைவு வலப்பக்கம். இந்த முறை கைப்பிடி ஒரு துளி இடப்பக்கம் போனது, வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அவர் முழங்கால்கள் டேங்க்கை அணைத்துக்கொண்டிருந்தன. தோள் இரண்டும் தளர்ந்திருந்தன. மைதானத்தில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் இவர் இல்லை. என்ஜின் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது, அந்தத் தட்டல் பாதத்தில் ஏறி முதுகுத்தண்டு வரை வந்தது. எதற்காக என்று தெரியவில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனைக்கும் நாங்கள் எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை. போன வழியே திரும்பி வரத்தான் போகிறோம்.

ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அவர் இறங்கிக் கல் மேல் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அவர் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"எப்டிண்ணா? உங்க கை தப்பாதான பண்ணுச்சு?"

"இங்க தப்பு இல்லம்மா. வேகமா போற சொல்ல இந்தக் கையி கரீட்டுதான். கைக்கே சந்தோசம் அதுல." அவர் பேசிக்கொண்டே போனார். அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. "ஸ்கூட்டி நல்ல வண்டிதான். நான் இன்னா அத்த மட்டமாவா சொல்றேன்? குந்துனா கொண்டும் போயி வுடும். ஆனா அது என்ன ஒண்ணும் கேக்காது, நாற்காலி மாதிரி. இது கேக்குதும்மா. முட்டிய குடு, இடுப்ப குடு, காதக் குடுன்னு கேட்டுகினே கீது. எத்தினி வெரலு கீதுன்னு கேக்கல. கீறதக் குடு, போதும்னுது. ஐஸ் கம்பெனில மூணு வருசமா என்னாண்ட யாரும் எத்தயும் கேக்கல."

தராசு வைக்க இடம் இருக்கிறதா என்பதைத் தாண்டி நான் யோசித்ததே கிடையாதே.

மறுநாள் காலையில் ரகசியமாக என் ஸ்கூட்டரில் சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் வேகத்தில், ஆளில்லாத இடமாகப் பார்த்து, கைப்பிடியை ஒரே ஒரு துளி வலப்பக்கம் அழுத்தினேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். இருபத்தொரு வருடமாக என் கையும் ஒவ்வொரு வளைவிலும் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. 'எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருப்புங்க' என்று எத்தனை பெண்களிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! மெதுவாகப் போகும்போது அது சரி. வேகத்தில் சரியில்லை. பாதிப் பாடத்தை முழுப் பாடமென்று நடத்தியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு வேண்டுமென்றே மணலி பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த வழியில் நல்ல வளைவு இரண்டு இருக்கிறது.

சரி, வேகத்தில் அவர் ராஜா. ஆனால் எட்டு என்பது நடை வேகத்தில் போட வேண்டியது. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போய் 'எண்ணூர் ரோட்டுக்கு வந்து பாருங்க சார்' என்று சொல்ல முடியுமா? மூன்றாவது தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு பழகுநர் உரிமம் முடிகிறது. மறுபடி முதலிலிருந்து எழுதிப் போடலாம்தான். ஆனால் அக்கா கெடு என்றால் கெடு. திலீப் சொன்ன ஆளை ஞாயிறு சாயங்காலம் வரச் சொல்லியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடைசியாக ஒரு தடவை பழகிவிட்டுப் போகலாம் என்று, லாரிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் எட்டைப் போட்டேன். அக்காவும் வந்திருந்தார். விற்கப் போகிற வழியில் கூடையைக் கீழே இறக்கி வைத்து, அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ஆரம்பித்தார். முதல் சுற்றில் கோடு தாண்டினார். இரண்டாவதில் கால் ஊன்றினார். மூன்றாவதில் மறுபடியும் கால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று இருந்தது.

அக்காதான் பொறுக்க முடியாமல் எழுந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏலத்தில் கத்தும் குரலில் கத்தினார்.

"யோவ்! ஆர்பருக்குள்ள வர்ற சொல்ல சுக்கானாய்யா புடிப்ப? மெதுவா வர்றப்ப சுக்கான் வேல செய்யுமா? என்ஜின தூக்கிட்டு துடுப்பு போட்டுகினுதான வருவ? எத்தினி நாளு கரைல நின்னுகினு பாத்துகினு இருந்திருக்கேன்! துடுப்பு போடுய்யா!"

அண்ணன் வண்டியின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அக்கா என்ன சொல்கிறார் என்று சட்டென்று பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டுவிட்டது. துறைமுகத்துக்குள் மெதுவாக வரும் படகு சுக்கானுக்குக் கட்டுப்படாது, துடுப்புதான் போட வேண்டும். வலப்பக்கம் துடுப்பு போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும். அவர் துடுப்பு போட எட்டுவதுபோல் வலது கையைக் கொஞ்சம் முன்னால் கொடுத்துப் பார்த்தார். கைப்பிடி இடப்பக்கம் திரும்பியது. இடது கையைக் கொடுத்தார். வலப்பக்கம் திரும்பியது. முப்பத்தொரு வருடம் அந்தக் கைக்கு இதுவும் பழக்கம்தானே. நானும் அவரும் ஐந்தரை மாதமாக வேறொரு கையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கிளட்சை விட்டார். புல்லட் முதல் கியரில் டப் டப்பென்று நகர்ந்தது. வலது, வலது, வலது. மேல் வட்டம் முடிந்தது. நடுவில் குறுக்கே வந்து, இடது, இடது, இடது. கீழ் வட்டமும் முடிந்தது. கோலமாவில் ஒரு கீறல் இல்லை. அவர் நிறுத்தாமல் ஏழு தடவை சுற்றினார்.

பத்தரை மணிக்குத் தேர்வு. அதே பிரேக் இன்ஸ்பெக்டர், அதே கம்பங்கள். அக்கா அன்றைக்குக் கடை போடவே இல்லை. கூடையோடு ஆட்டோ பிடித்து வந்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டார், சுற்றிலும் மீன் வாசம். அண்ணன் உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்தபடியே எட்டுக்குள் நுழைந்தார். தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை, ஆனால் வலது, இடது என்று துடுப்பு போடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு சுற்று. இன்ஸ்பெக்டர், "இன்னொண்ணு" என்றார். இன்னொரு சுற்று. கால் கீழே வரவில்லை.

"போதும், எறங்குங்க," என்று அவர் பேனாவை எடுத்தார். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கை என்ன ஆச்சு?" என்றார்.

"ரெண்ட கடல்ல வுட்டுட்டேன் சார்."

"மிச்சத்தைப் பத்திரமா வச்சுக்கங்க," என்று கையெழுத்துப் போட்டார்.

வேப்பமரத்தடியில் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன்க்கா, வண்டிய அனுப்பறதுலதான நீங்க குறியா இருந்தீங்க? அப்புறம் நீங்களே வழி சொல்லிக் குடுத்துட்டீங்களே," என்று சீண்டினேன்.

"அட போ கண்ணு. மொதல்ல அனுப்பத்தான் நெனச்சேன். இந்த ரெண்டு வாரமா சோறு துண்ற சொல்ல வாய் ஓயாம பேசிகினு கீது. வண்டி இப்டி சாஞ்சிது, அப்டி சாஞ்சிதுன்னு. மூணு வருசம் கழிச்சி அந்தாளு கொரல கேக்கறேன். அத்த எவனோ வந்து தள்ளிகினு பூட்டா, அப்பால நான் யாராண்ட பேசறது?"

ஞாயிறு சாயங்காலம் வந்த ஆளுக்கு அக்கா ஒரு டீ கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

அதற்கடுத்த ஞாயிறு காலையில் மூன்று பேரும் எண்ணூர் சாலைக்குப் போனோம். புல்லட்டில் அண்ணனும் அக்காவும், பக்கத்தில் என் ஸ்கூட்டரில் நான். ஹெல்மெட் போட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. 'கூடையே தூக்குன தலைக்கு இது இன்னாத்துக்கு' என்று அக்கா அடம். ஒருவழியாக ஒருக்களித்து உட்கார்ந்து அண்ணன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். கோவிந்தம்மா அக்கா பிறந்தது மீனவர் வீடு, வாழ்க்கைப்பட்டது மீனவர் வீடு. பன்னிரண்டு வயதிலிருந்து மீன் விற்கிறார். ஆனால் ஒரு நாள் கூடப் படகில் ஏறிக் கடலுக்குப் போனதில்லை. அவர்கள் குப்பத்தில் பெண்கள் போவதில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம் அவர் வழியனுப்பியதும் காத்திருந்ததும் கரையில்தான்.

அந்தப் பெரிய வளைவு வந்தது. பின்னால் உட்காருபவர்கள் வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் விறைத்துக்கொள்வார்கள். நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அக்காவும் அப்படித்தான் செய்வார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். செய்யவில்லை. புல்லட் சாய, அவரும் கூடவே சாய்ந்தார். வண்டி நிமிர, நிமிர்ந்தார். இரண்டாவது வளைவில் இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்து அண்ணன் தோளில் சும்மா கிடந்தது.

கருங்கல் பக்கம் நிறுத்தினோம். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கல் மேல் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"இப்டித்தான் இருக்குமாய்யா?"

"எங்க?"

அக்கா முகவாயால் கடலைக் காட்டினார். "அங்க."

அண்ணன் கடலைப் பார்த்தார். "ஆமா. கொஞ்சம் காத்து இருந்தா."

"அப்ப இதுக்குத்தான் போய்கினு இருந்தியா? நான் என்னமோ மீனுக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"மீனுக்குத்தான் போனேன்," என்றார் அவர். பிறகு மூன்று விரல் கையால் கைப்பிடியைத் துடைத்தபடி, "இதுக்கும்தான்," என்றார்.

என் ஸ்கூட்டரின் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மீன் கூடை இன்றைக்கும் ஷேர் ஆட்டோவில்தான் வருகிறது. அதைப் பற்றி அக்கா இன்றைக்கும் திட்டுகிறார். என் பாடத்திலும் ஒரு மாற்றம். எடை, பெட்ரோல், சாமான் வைக்கிற இடம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, எட்டு நன்றாக வந்துவிட்ட பெண்களை ஒரு ஞாயிறு எண்ணூர் சாலைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை, வளைவில் சாய்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள் என்கிறேன். சாபிரா போன வாரம் போய்விட்டு வந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பையும், நான் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் மணலி வழியையும் எனக்குக் கொடுத்தவர் பொன்னுரங்கம் அண்ணன். அவரிடம் நேரில் நன்றி சொன்னால், "போம்மா, நீதான எனக்குக் கத்துக் குடுத்த" என்று வெட்கப்படுவார். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்கா புல்லட்டில் வந்த அந்த முதல் ஞாயிறு, கல் மேல் உட்கார்ந்திருந்தவர்களிடம் வெயில் ஏறுகிறது, கிளம்பலாம் என்று நான்தான் சொன்னேன். அக்கா எழுந்து புடவையை உதறிச் செருகிக்கொண்டார். ஹெல்மெட்டைத் தானே எடுத்து மாட்டினார். வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பப் போன அண்ணனின் தோளைத் தட்டி, எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த வளைவு இன்னொரு தபா போலாம்யா."